வழுக்கக் கூடாத தட்டும் கசியக் கூடாத விளிம்பும்

பழைய மாருதி 800 ஒன்றின் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே, பெல் ஹவுசிங் எனப்படும் அலுமினியக் கூட்டுக்குள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு தேவைகள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. எஞ்சினுக்குள் எல்லாம் வழுக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், பிஸ்டன் எல்லாமே எண்ணெயின் தயவில்தான் பிழைத்திருக்கின்றன. அங்கிருந்து சற்றுத் தள்ளிச் சுழலும் கிளட்ச் பிளேட்டோ வழுக்கவே கூடாது. இந்த இரண்டு உலகங்களையும் பிரித்து வைத்திருப்பது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒரு ரப்பர் வளையம். அதை மாற்ற வேண்டுமென்றால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். வளையத்தின் விலையைப் போலப் பல மடங்கு கூலி ஆகும்.

பட்டறைக்கு வருபவர்கள் இரண்டு புகார்களைத் தனித்தனியாகச் சொல்வார்கள். "வண்டி இழுக்கலண்ணே, கிளட்ச் போயிருச்சுன்னு நினைக்கிறேன்" என்பது ஒன்று. "அடியில ஆயில் சொட்டுது" என்பது இன்னொன்று. இருபது, இருபத்தைந்து வயதான வண்டியில் இந்த இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அப்படி இல்லாமலும் போகலாம். எது என்பதைப் பிரிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட முடியும். அதற்குக் கொஞ்சம் இயற்பியல் துணைக்கு வரும்.

நான்கு எண்களின் பெருக்கல்

கிளட்ச் பிளேட்டின் இரு முகங்களிலும் லைனிங் ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல், மறுபக்கம் பிரஷர் பிளேட். இரண்டும் சேர்ந்து நடுவிலுள்ள தட்டைக் கவ்விப் பிடிக்கின்றன. அந்தப் பிடி எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்று அறிய நான்கு எண்களைப் பெருக்கினால் போதும்: உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, லைனிங்கின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை.

சிறிய கார் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குணகம் 0.35, விசை 2500 நியூட்டன், ஆரம் 7 செ.மீ., முகங்கள் 2. பெருக்கினால் 122 நியூட்டன் மீட்டர் வருகிறது. 796 சி.சி. எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை சுமார் 60. ஆக, தேவைக்கு இரு மடங்கு பிடி இருக்கிறது. இப்போது லைனிங்கில் எண்ணெய் பட்டு, குணகம் 0.15 ஆகக் குறைந்துவிட்டதென்று வையுங்கள். மற்ற மூன்று எண்களும் மாறவில்லை. விடை 52.5. எஞ்சின் தருவது 60. தட்டு தாங்குவது 52.5. மிச்சம் வழுக்கலாகிறது.

எவ்வளவு எண்ணெய் பட்டால் இந்த நிலை வரும்? ஒரு சொட்டு எண்ணெயின் கன அளவு ஏறக்குறைய 0.05 மி.லி. அதை ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுக்குப் பரப்பினால் 500 சதுர செ.மீ. பரப்பை மூடும். சிறிய காரின் கிளட்ச் லைனிங்கில் இரு முகங்களையும் சேர்த்தாலும் 300 சதுர செ.மீ.கூடத் தேறாது. நிஜத்தில் லைனிங்கின் நுண்துளைகள் பாதியைக் குடித்துவிடும், சுழற்சி கொஞ்சத்தை வெளியே வீசிவிடும். ஆனாலும் கணக்கு சொல்லும் அளவு புரிகிறதல்லவா? "ரெண்டு சொட்டுதானே சார்" என்ற ஆறுதல் பெல் ஹவுசிங்குக்குள் செல்லாது.

இதே பெருக்கலில் இல்லாத ஒன்றையும் கவனிக்க வேண்டும். லைனிங்கின் பரப்பளவு அதில் வரவே இல்லை. உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்பதை 1699-இல் அமோந்தோன் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். பிறகு கூலோம் 1780-களில் விரிவான சோதனைகளால் அதை உறுதிப்படுத்தினார். அப்படியானால் பெரிய தட்டு எதற்கு? வெப்பத்துக்கும் ஆயுளுக்கும். 52.5 நியூட்டன் மீட்டரில், நிமிடத்துக்கு 500 சுற்று வேக வித்தியாசத்தோடு தட்டு வழுக்கிக்கொண்டிருந்தால் அங்கே சுமார் 2.7 கிலோவாட் வெப்பம் உருவாகிறது. ஏறக்குறைய மூன்று இஸ்திரிப் பெட்டிகளை அந்தச் சின்னக் கூட்டுக்குள் வைத்து சுவிட்சைப் போட்டதுபோல. மேடேறும்போது மூக்கைத் துளைக்கும் கருகல் வாடை, லைனிங்கைக் கட்டி வைத்திருக்கும் பிசின் வேகும் வாடை.

தேய்மானத்துக்கும் ஒரு சுலபமான விதி உண்டு. 1953-இல் ஆர்ச்சர்டு வகுத்தது: தேயும் கன அளவு, அழுத்தும் சுமையையும் சறுக்கிய தூரத்தையும் பெருக்கியதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். முழுமையாகக் கவ்விய கிளட்ச் சறுக்குவதில்லை; எனவே தேய்வதும் இல்லை. சென்னையிலிருந்து மதுரை வரை நான்குவழிச் சாலையில் போகும் வண்டி கிளட்சைத் தேய்ப்பது ஊரை விட்டு வெளியேறும்வரையும் டோல்கேட்களிலும்தான். அண்ணா சாலை நெரிசலில் தினமும் ஊரும் வண்டியின் கதை வேறு. ஓடோமீட்டர் எண்ணை வைத்துக்கொண்டு கிளட்சின் வயதைக் கணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, நின்ற வண்டியை கிளட்சால் நகர்த்தினால், வண்டிக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் கிளட்சில் வெப்பமாகப் போகும். மெதுவாக விட்டாலும் சரி, வெடுக்கென்று விட்டாலும் சரி, சமதளத்தில் இந்தத் தொகை மாறாது. 800 கிலோ எடையை மணிக்கு 15 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர 7000 ஜூல் என்றால், கிளட்சுக்கும் 7000 ஜூல். எஞ்சினை அதிகமாக உறுமவிட்டு எடுத்தால் இந்தத் தொகையும் ஏறும். மேட்டில், பிரேக்கைத் தொடாமல் அரை கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே வண்டி நகர்வதில்லை, ஆற்றல் முழுவதும் வெப்பம்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், முன்னால் போகும் பேருந்துக்குப் பின்னே அப்படி நின்று நின்று ஏறிய காரை மேலே போய்ச் சேர்ந்ததும் முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிரிக்காமல் பார்ப்பது

முதலில் பெடல். மாருதி 800-இல் கிளட்சை இயக்குவது ஒரு கேபிள். பெடலைக் கையால் மெதுவாக அழுத்தினால், தடை தெரியத் தொடங்குவதற்கு முன் கொஞ்ச தூரம் சும்மா போகும். இந்த வகைக் கார்களில் அது இரண்டு செ.மீ. அளவில் இருக்க வேண்டும். லைனிங் தேயத் தேய, பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகரும்; அதன் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்ப்புறமாக, ரிலீஸ் பேரிங்கை நோக்கி வரும். அந்தச் சும்மா போகும் தூரம் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் இல்லாமல் போகும். அதற்குப் பிறகு, காலை எடுத்த பின்னும் கேபிள் ஸ்பிரிங்கை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். நம் பெருக்கலில் 2500 என்று போட்ட எண் இப்படித்தான் குறைகிறது. லைனிங்கில் இன்னும் உயிர் இருக்கும்போதே, வெறும் நட்டு ஒன்றைத் திருப்பாததால் கிளட்ச் வழுக்குவதும் உண்டு.

எனவே கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் உள்ள மரையைப் பாருங்கள். லைனிங் தேய்ந்த வண்டியில் நட்டைத் தளர்த்தித் தளர்த்தி மரையின் கடைசிக்கே கொண்டுவந்திருப்பார்கள். அதற்கு மேல் தளர்த்த இடமில்லை என்றால் லைனிங்கின் கதை அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. கேபிள் நீண்டுபோனால் நட்டு எதிர்த்திசையில் போயிருக்கும்.

டயஃப்ரம் ஸ்பிரிங்கிடம் ஒரு வஞ்சகம் உண்டு. 1867-இல் ஜூலியன் பெல்வில் காப்புரிமை பெற்ற கூம்புத்தட்டு ஸ்பிரிங்கின் வாரிசு இது. சுருள் ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு எதிர்க்கும். விட்டால் விசை குறையும். கூம்புத்தட்டு அப்படியில்லை. அதன் விசை முதலில் ஏறி, உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். புது கிளட்சில் ஸ்பிரிங் அந்த உச்சத்தைத் தாண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும்படி வடிவமைக்கிறார்கள். லைனிங் தேய்ந்து ஸ்பிரிங் பின்னோக்கி நகரும்போது விசை முதலில் கூடுகிறது, கடைசியில்தான் குறைகிறது. ஆகவே பாதி தேய்ந்த கிளட்ச் புதியதைவிட இறுக்கமாகவே பிடிக்கும். "பெடல் முன்ன மாதிரி இல்ல, கனமா இருக்கு" என்பதுதான் அது தரும் முதல் எச்சரிக்கை. பெரும்பாலோர் கேபிளுக்கு எண்ணெய் விட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். வழுக்கல் தொடங்கும்போது கிளட்ச் தன் ஆயுளின் கடைசி மைலில் இருக்கும்.

வழுக்கலைச் சாலையில் சோதிப்பது சுலபம். காலியான சமதளச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் டாப் கியருக்குப் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வண்டியின் வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது. மாருதி 800-இல் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் கருவி. ஆனால் ஒரு குழப்பம் உண்டு. எஞ்சினிலேயே சக்தி குறைந்திருந்தாலும் வண்டி இழுக்காது. அப்போது எஞ்சின் சத்தமும் ஏறாது. கார்புரேட்டர் அடைத்துக் கிடந்த வண்டிக்குப் புது கிளட்ச் செட் போட்டு அனுப்பிய பட்டறைகள் உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியரில் கிளட்சை விட்டு எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் சோதனையும் சரியானதே. ஒரு முறைக்கு மேல் வேண்டாம். சோதனையே லைனிங்கைத் தின்னும்.

இதற்கு நேர்மாறான நோய், கிளட்ச் முழுதாக விடாமல் இருப்பது. பெடலை அழுத்தி மூன்று நான்கு நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அந்தக் காலத்துக் கார்களின் ரிவர்ஸ் கியருக்குப் பெரும்பாலும் சிங்க்ரோ கிடையாது. எனவே கிளட்ச் தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தால் பல்லும் பல்லும் அரைபடும் சத்தம் அப்பட்டமாகக் கேட்கும்.

சத்தங்களைப் பிரித்தறிவது இன்னும் எளிது. பெடலை அழுத்தும்போது வரும் கீச்சல் ரிலீஸ் பேரிங்குடையது. பெடலை அழுத்தினால் நின்று, விட்டதும் திரும்ப வரும் இரைச்சல் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைக் காட்டும்.

வண்டி கிளம்பும்போது உதறுகிறதா? இங்குதான் எண்ணெய் கைவரிசையைக் காட்டுகிறது. நல்ல லைனிங்கில் சறுக்கும் வேகம் மாறினாலும் உராய்வு பெரிதாக மாறாது. எண்ணெய் படிந்து வெந்து கண்ணாடிபோல் ஆன லைனிங்கில், சறுக்கும் வேகம் குறையும்போது உராய்வு திடீரென்று கூடும். தட்டு சட்டென்று பிடிக்கும். பிடித்ததும் ஷாஃப்ட் முறுக்கேறி மறுபடி சறுக்கவிடும். நொடிக்குப் பல தடவை இந்தப் பிடியும் விடலும் நடக்கும்போது சீட்டில் உட்கார்ந்திருப்பவர் உணர்வது உதறல். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே உதறல் வரும். ஆகவே முதலில் மவுண்டிங்கைப் பாருங்கள். செலவு குறைந்த சந்தேகத்தை முதலில் தீர்ப்பது நல்லது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் சொட்டினால் பின் ஆயில் சீல்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவது அவசரம். எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; ஓடும் வண்டியில் காற்றோடு பின்னோக்கியும் போகும். டாப் கவர் பேக்கிங் காய்ந்து கசிந்த எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, பெல் ஹவுசிங் விளிம்பில் திரண்டு, சீலில் இருந்து வந்ததுபோல நடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எஞ்சின்களில் அதன் அடியில் இருக்கும் ஓ-ரிங்கும் இந்த நாடகத்தில் பங்கெடுக்கும்.

முதல் வேலை எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைப்பது. காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவிவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். ஈரம் பட்ட தடம் பவுடரில் கோடாகத் தெரியும், கோட்டின் உச்சிதான் ஊற்று. அடுத்தது முகர்தல். கியர் ஆயிலில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்களுக்குத் தனி வாடை உண்டு, ஒரு தரம் முகர்ந்தவர் மறக்க மாட்டார். அந்த வாடை வந்தால் குற்றம் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீலில். வாடை இல்லாத கறுப்பு எண்ணெய் என்றால் எஞ்சின் பக்கம்.

பிறகு பிரீதர். பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொஞ்சம் எரிவாயு அவற்றைத் தாண்டிக் கீழே இறங்கும். அதை உறிஞ்சி மறுபடி எரிப்பதற்காகவே பிரீதர் குழாயும் பிசிவி வால்வும் உள்ளன. அவை கரி பிடித்து அடைத்தால் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் கூடி, எல்லாச் சீல்களையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். ஒரு இடத்தில் கசிந்த வண்டி திடீரென்று நாலு இடத்தில் கசியத் தொடங்கினால், சீல்களைக் குறை சொல்லும் முன் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்தால், ஆரோக்கியமான எஞ்சின் அதை லேசாக இழுக்கும் அல்லது சும்மா விடும். தாள் துள்ளிப் பறந்தால் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. அந்த எஞ்சினுக்கு எத்தனை புது சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

இன்னொரு சோதனையைச் செய்பவர்கள் குறைவு. ஒருவர் கிளட்ச் பெடலை அழுத்தி விட, இன்னொருவர் எஞ்சினின் மறுமுனையில் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை கிளட்சை அழுத்தும்போதும் ரிலீஸ் பேரிங் முழு கிராங்க் ஷாஃப்ட்டையும் முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குபவை பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர்கள். சாதாரணமாக அனுமதிக்கப்படும் ஆட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை. புல்லி கண்ணுக்குத் தெரியும்படி உள்ளே வெளியே போய் வந்தால் வாஷர்கள் போய்விட்டன. கிளட்ச் பெடல்மேல் காலை வைத்தே ஓட்டும் பழக்கம் லைனிங்கை மட்டும் தேய்ப்பதில்லை; இந்த வாஷரையும் தேய்த்து, கிராங்கை ஆடவிட்டு, பின் சீலின் விளிம்பையும் கெடுக்கிறது.

ரப்பர் விளிம்பின் ரகசியம்

சீல் என்றால் ஷாஃப்ட்டை இறுகப் பிடித்து எண்ணெயை அடைக்கும் தக்கை என்றுதான் நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 60 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்ட் 3000 ஆர்பிஎம்மில் சுழன்றால் அதன் மேற்பரப்பு நொடிக்கு 9 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 34 கி.மீ. வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் வறண்ட ரப்பரை எஃகின்மேல் ஆயிரக்கணக்கான மணி நேரம் தேய்த்தால் ரப்பர் மிஞ்சாது. 1957-இல் பிரிட்டனில் ஜாகர் செய்த சோதனைகள், விளிம்புக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதைக் காட்டின. தடிமன் ஒரு மைக்ரோமீட்டர் ஒட்டி. அப்படியானால் அந்தப் படலம் ஏன் ஒழுகிவிடுவதில்லை?

ஏனென்றால் நல்ல சீல் ஒரு பம்ப். விளிம்பின் இரு பக்கச் சரிவுகளும் சமமாக இருப்பதில்லை; எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் தணிவாகவும் வெட்டப்பட்டிருக்கும். ஓடிப் பழகிய ரப்பரின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உருவாகின்றன. சுழலும் ஷாஃப்ட் அவற்றைப் பக்கவாட்டில் இழுத்துச் சாய்க்கும்போது, வெளியே வந்த எண்ணெயை அவை உள்ளே தள்ளுகின்றன. அதே சீலைத் தலைகீழாக மாட்டினால் எண்ணெயை விடாமுயற்சியோடு வெளியே பம்ப் செய்யும். உள்ளே சின்ன வளையச் சுருள் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்லும் விதியின் காரணம் இதுதான்.

இந்தப் பம்ப் எப்படிச் சாகிறது? வெப்பத்தால் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் மேலும் மேலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ரப்பர் இறுகுகிறது. விரலால் அமுக்கினால் பிளாஸ்டிக் போல 'டக்' என்னும். அப்போது ஷாஃப்ட்டின் நுண்ணிய ஆட்டங்களைப் பின்தொடர அதால் முடியாது. பழைய நைட்ரைல் ரப்பரைவிட ஃப்ளோரோகார்பன் ரப்பர் இந்த வெப்பத்தை நன்றாகத் தாங்கும். விலை கொஞ்சம் கூடுதல். கியர் பாக்ஸை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் பொருட்டே இல்லை.

மென்மையான ரப்பர் கடினமான எஃகைத் தேய்க்கும் என்பதை முதல் தடவை பார்ப்பவர் நம்பமாட்டார். தூசும் கரியும் ரப்பருக்குள் பதிந்து, அதை உப்புத்தாளாக்கிவிடுகின்றன. ஷாஃப்ட்டில் விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளக் கோடு விழும். அந்தக் கோட்டில் புது சீலை உட்கார வைப்பது வீண். ஒன்றிரண்டு மி.மீ. முன்னேயோ பின்னேயோ புது இடத்தில் விளிம்பு படும்படி பொருத்தலாம். அல்லது மெல்லிய எஃகு உறையை ஷாஃப்ட்டின்மேல் ஏற்றலாம். கோட்டை அழிக்கிறேன் என்று ஷாஃப்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் கை போன போக்கில் சாய்வான கீறல்களை விட்டுவிடுவார்கள். சாய்ந்த கீறல் என்பது மரை. மரை எண்ணெயைக் கடத்தும்.

இந்தக் கடைசி வாக்கியத்தையே ஒரு காலத்தில் பொறியியலாக்கினார்கள். நம்மூர் அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மோரிஸ் மைனர்களின் எஞ்சின் அதன் தம்பி, ஏ-சீரிஸ். இவற்றின் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்ட்டில் ஒரு மரை வெட்டப்பட்டிருக்கும்; சுழலும்போது அது எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். தேய உதடு இல்லை, இறுக ரப்பர் இல்லை. ஆனால் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு விடாத அம்பாசிடரைப் பார்த்தால் ஆயில் இருக்கிறதா என்று டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லும் கிண்டலின் வேர் இங்கேதான். மெயின் பேரிங் தேய்ந்து மரைக்கும் சுற்றுச் சுவருக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டால் சொட்டு ஒழுக்காகும். அதற்கு ரப்பர் வளையம் வாங்கிப் போட முடியாது. பேரிங்கில் இருந்து தொடங்க வேண்டும்.

பேக்கிங்கும் பசையும்

அசையாத இணைப்புகளின் இயற்பியல் வேறு. அங்கே கசிவைத் தடுப்பது பேக்கிங் பொருளைவிடப் போல்ட்டின் இழுவிசை. இறுக்கிய போல்ட் ஒரு விறைத்த ஸ்பிரிங். அது தரும் அழுத்தம்தான் தக்கைப் பேக்கிங்கை உலோகத்தின் குண்டுகுழிகளுக்குள் நுழைக்கிறது. தக்கை காலப்போக்கில் சப்பையாகி, அழுத்தம் தளரும். கசிவதைப் பார்த்ததும் ஸ்பானரை எடுத்து "நல்லா டைட் வைப்பா" என்பார்கள். சம்ப்பின் தகரம் போல்ட்டைச் சுற்றி மட்டும் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே விளிம்பு மேலெழும். முன்பு வியர்த்த இடம் இப்போது ஒழுகும். சம்ப்பை இறக்கும்போதெல்லாம் விளிம்பைத் தட்டையான இரும்பின்மேல் வைத்து, குழிகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். பத்து நிமிட வேலைதான். பாதிப் பேர் செய்வதில்லை.

டியூபில் வரும் சிலிகான் பசை காற்றின் ஈரப்பதத்தால் உறையும். சிலவற்றில் உறையும்போது வினிகர் வாடை வரும். அசிட்டிக் அமிலம் வெளியேறுவதுதான் காரணம். அவ்வகையை எஞ்சினில் தவிர்ப்பது நல்லது. மெல்லிய ஒரு கோடு போதும். தாராளமாகப் பிதுக்கினால் வெளியே வழிவது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் வழிந்திருக்கும். அது உறைந்து, உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்தால், ஒரு கசிவை நிறுத்திய பெருமையோடு எஞ்சினே சீஸ் ஆகும். இதற்கு நேரெதிர் குணமுள்ள பசையும் உண்டு. காற்று இருக்கும்வரை திரவமாகவே இருந்து, இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே காற்றில்லாமல் அடைபட்டதும் உறையும். வெளியே பிதுங்கியது கடைசிவரை உறையாது, துடைத்துவிடலாம். இழைத்த சமமான பரப்புகளுக்கு நான் இதைத்தான் விரும்புவேன்.

எண்ணெயில் கலந்து ஊற்றும் 'லீக் ஸ்டாப்' மருந்துகள் முழுப் பொய் இல்லை. இறுகிய ரப்பரை ஊறவைத்துக் கொஞ்சம் உப்ப வைக்கும் சேர்மங்கள் அவற்றில் உண்டு. கிழிந்த விளிம்பையும் பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டையும் அவை ஒன்றும் செய்யாது. கிளட்சில் ஏற்கெனவே எண்ணெய் பட்ட வண்டிக்கு அந்தக் காசு வீண்.

கியர் பாக்ஸ் இறங்கிய பிறகு

பெல் ஹவுசிங் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே சரி. துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் தடங்களைப் படியுங்கள். ஃப்ளைவீலின் எஞ்சின் பக்கம் நனைந்திருந்தால் கிராங்க் சீல். கியர் பாக்ஸ் பக்கச் சுவரும் ரிலீஸ் பேரிங்கைச் சுற்றிய இடமும் நனைந்திருந்தால் இன்புட் ஷாஃப்ட் சீல்.

லைனிங்கின் பரப்புக்கும் ரிவெட் தலைக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தட்டை மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் குடித்த தட்டைப் பெட்ரோலில் கழுவி, கொளுத்தி, உப்புத்தாள் போட்டு மறுபடி மாட்டும் சிக்கன வைத்தியம் நெடுநாள் நிற்காது. நுண்துளைகளுக்குள் போன எண்ணெய் அடுத்த மேட்டில் சூடேறும்போது மேலே வரும்.

ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் தெரிகிறதா பாருங்கள். வழுக்கலின்போது அந்த இடம் எழுநூறு டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகி, சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு வெப்பத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டால், வார்ப்பிரும்பின் மேற்பரப்பு மார்ட்டன்சைட் என்னும் கடினமான அமைப்பாக மாறிவிடும். கத்தியைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும் கொல்லர் உண்டாக்குவதும் அதே அமைப்புதான். லேத்தில் கடைசல் கொடுத்தால் சுற்றுப்புற இரும்பு தேய, திட்டு மட்டும் மேடாக நிற்கும். அதனால் கிரைண்டிங் செய்வதே பொருத்தம். விரிசல் கண்டால் ஃப்ளைவீலையே மாற்றிவிடுங்கள்.

பழைய சீலைப் பெயர்க்கும்போது ஸ்க்ரூ டிரைவர் ஷாஃப்ட்டில் ஒரு கீறல் போட்டால் போதும், புது சீல் முதல் நாளே தோற்கும். புதியதன் விளிம்பில் எஞ்சின் ஆயில் தடவி, அதே விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். டெஃப்லான் விளிம்புள்ள சீல் என்றால் எண்ணெய் தடவாமல் வறட்சியாகப் போடச் சொல்வார்கள். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இன்புட் ஷாஃப்ட் சீலையும் இப்போதே மாற்றிவிட வேண்டும். டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய வேளை என்றால் கேம் சீலும் முன் கிராங்க் சீலும் அந்தக் கணக்கில் வரும், ஏனென்றால் எண்ணெய் பட்ட பெல்ட் நீடிக்காது.

புது கிளட்ச் பிளேட்டை மையம் பார்த்து, ஸ்பிரிங் மேடுள்ள பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்கும்படி வைத்து, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். லைனிங்கை எண்ணெய்க் கையால் தொடக் கூடாது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. ஸ்ப்லைனில் கிரீஸ் ஒரு பூச்சு மட்டும்; மிஞ்சியது சுழற்சியில் பறந்து நேராக லைனிங்குக்குத்தான் போகும்.

வண்டி வெளியே வந்ததும் முதல் 500 கி.மீ. வரை மேட்டில் முரட்டுத்தனமாக எடுக்காமல் ஓட்டினால் லைனிங்கும் ஃப்ளைவீலும் முழுப் பரப்பில் ஒன்றையொன்று தொடப் பழகும். அதுவரை நம் பெருக்கலில் வரும் 0.35 முழுதாகக் கிடைப்பதில்லை. பிறகு பெடலின் ஆட்டத்தை மறுபடி அளந்து கேபிள் நட்டைச் சரிசெய்து, பெல் ஹவுசிங்கின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள். பொருத்தும்போது தடவிய எண்ணெய் முதல் ஓரிரு நாளில் லேசாக ஈரம் காட்டலாம், துடைத்துவிடுங்கள். இரண்டாவது வாரமும் ஈரம் இருந்தால், மறுபடி கியர் பாக்ஸை இறக்கும் முன், பிரீதர் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.